துடைக்கும் வேலைக்குக் கூலி இல்லை: பைக் பிரேக்கை யார் கையில் கொடுப்பது?

பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று வண்டியைக் கடையில் விட்டால் திரும்பி வரும் பில்லில் பெரும்பாலும் இரண்டே வரிதான் இருக்கும். பிரேக் ஷூ அல்லது டிஸ்க் பேடு ஒரு செட், அதை மாட்டிய கூலி. வண்டி அன்றைக்கு நன்றாக நிற்கும். சில மாதம் போனதும் கீச்சென்று கத்த ஆரம்பிக்கும், இல்லாவிட்டால் விட்ட பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு மைலேஜைத் தின்னும். நம் ஊர்த் தூசியிலும் மழையிலும் ஓடுகிற வண்டிக்குப் பிரேக்கைக் கழற்றி, துடைத்து, அசைகிற இடங்களில் துளி கிரீஸ் வைத்து மாட்டுவதுதான் அடிக்கடி தேவைப்படும் வேலை. முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு பொருளும் விற்காது. அதனால் எந்தக் கடையிலும் யாரும் கேட்காமல் அதைச் செய்து தருவதில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டர், தெருமுனை மெக்கானிக், வீட்டுக்கே வந்து செய்யும் சர்வீஸ், சொந்தக் கை என்று நான்கு வழி இருக்கிறது. எது நல்லது என்று மொத்தமாகச் சொல்ல முடியாது. எந்த வேலைக்கு எது நல்லது என்று சொல்லலாம்.

முதலில் டிரம் பிரேக். ஸ்ப்ளெண்டர் மாதிரியான 100 சிசி வண்டியின் பின் சக்கரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 130 மி.மீ. டிரம். அதன் பின்பக்கத் தட்டில் பிரேக் ஆர்ம் அசையும் இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், தட்டில் ஒரு முக்கோண அடையாளம் இருக்கும். பெடலை முழுக்க மிதித்த நிலையில் அம்பு அந்த முக்கோணத்தைத் தொட்டுவிட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. டிரம்மைத் திறக்காமலே தெரிந்துகொள்வதற்காக வைத்த ஏற்பாடு இது. கடையில் ‘ஷூ போச்சு’ என்று சொன்னால், ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, குனிந்து அம்பைப் பாருங்கள். பாதி வழியில்தான் நிற்கிறது என்றால் ஷூ போகவில்லை, அழுக்குதான்.

இந்த அம்பைப் பொய் சொல்ல வைக்கிற வழி ஒன்று உண்டு. பல ஷெட்டுகளில் ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஷூ தேய்ந்து, பிரேக் ராடின் நட்டைக் கடைசி மரை வரைக்கும் முறுக்கியாகிவிட்டது. இனி முறுக்க இடமில்லை. அப்போது பிரேக் ஆர்மைக் கழற்றி, அது உட்காரும் பல்லில் ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். ராடுக்கு மறுபடி இடம் கிடைக்கும், பெடல் கெட்டியாக வரும். வாடிக்கையாளருக்கும் சந்தோஷம், இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சம். உள்ளே நடப்பது வேறு. ஷூக்களை விரிக்கும் கேம் நேராக நிமிர்ந்து நிற்கும் அளவுக்குத் திரும்பிவிடும். அதற்கு மேல் அழுத்தினால் அது திரும்பி வராமல் மாட்டிக்கொள்ளும். ஓடுகிற சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஈரத் தார்ச்சாலையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கேம் தண்டின் முனையிலும் ஆர்மிலும் ஒரு பஞ்ச் புள்ளி இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். புது வண்டியாக இருக்கும்போதே அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் யார் கை வைத்தாலும் தெரிந்துவிடும்.

டிரம்மைச் சொந்தமாகக் கழற்றித் துடைப்பது சைக்கிள் பஞ்சர் ஒட்டியவர்களுக்கு எட்டாத வேலை இல்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பிரேக் ராடின் நட்டைக் கழற்றுங்கள். அதன் ஸ்பிரிங்கும் உருளைப் பின்னும் தெறித்து மண்ணில் விழும், கையை அடியில் வைத்துக்கொண்டே கழற்றுவது நல்லது. பின்தட்டு சுழலாமல் பிடித்திருக்கும் டார்க் ராடு உள்ள வண்டியில் அதன் ஸ்பிளிட் பின்னை எடுத்து நட்டைக் கழற்ற வேண்டும். ஆக்சிலை உருவினால் பல 100 சிசி வண்டிகளில் செயினும் ஸ்பிராக்கெட்டும் இருந்த இடத்திலேயே நிற்க, வீல் மட்டும் கையோடு வந்துவிடும். வாஷரும் புஷ்ஷும் எந்தப் பக்கம் எந்த வரிசையில் இருந்தன என்பதை அவை விழுவதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தட்டைத் தூக்கினால் உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் மாவு மாதிரித் தூசி. அதை வாயால் ஊதக் கூடாது. ஏர் பைப் வைத்து அடிக்கவும் கூடாது. விலை மலிவான ஷூக்களில் என்ன கலந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் நுரையீரலுக்குள் போனது திரும்பி வராது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டுவிடலாம். ஷெட்டுகளில் கேட்கிற அந்த ‘புஸ்ஸ்’ சத்தத்தின்போது மூன்றடி தள்ளி நிற்பது நல்லது.

ஷூக்களை வெளியே எடுக்க ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டாம். இரண்டையும் கையால் பிடித்து, புத்தகத்தை மூடுவது போல நடுவில் மடக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து மொத்தமாக வந்துவிடும். மாட்டுவதும் அதே வழிதான். ஷூவில் ஒட்டியிருக்கும், டிரம்மில் உரசுகிற லைனிங் புதிதில் 4 மி.மீ. கனம் இருக்கும், 2 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். டிரம்முக்கும் எல்லை உண்டு. 130 மி.மீ. டிரம் 131 மி.மீ. வரைக்கும் தேயலாம், அந்த எண்ணை ஹப்பிலேயே அச்சில் பொறித்திருப்பார்கள். அதற்கு மேல் தேய்ந்த டிரம்மில் புது ஷூ போட்டால் நடுவில் மட்டும்தான் தொடும். ‘இப்பத்தானே ஷூ மாத்துனேன், அதுக்குள்ள பிடிக்கலையே’ என்ற புகாரில் பல இப்படிப்பட்டவை.

இனிதான் முக்கியமான இடம். கேமைத் தட்டிலிருந்து உருவிப் பாருங்கள். மழையில் ஓடிய வண்டியாக இருந்தால் தண்டில் பழுப்பு நிறத்தில் துரு ஏறி, பழைய கிரீஸ் மெழுகாக இறுகிப்போயிருக்கும். பிரேக் விடாமல் பிடிப்பதற்கும், பெடல் மெதுவாகத் திரும்புவதற்கும், பின் வீல் கொதிப்பதற்கும் காரணம் இந்தத் தண்டுதான். ஸ்பிரிங் மேல் பழி போட்டு ஸ்பிரிங்கை மாற்றுவார்கள்; ஒன்றும் ஆகாது. பொடி உப்புத்தாளால் தண்டைத் தேய்த்து, தட்டில் உள்ள ஓட்டையையும் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸை மிளகளவு எடுத்து மெல்லிய படலமாகத் தடவினால் போதும். கேமின் முகத்திலும், எதிர்ப்பக்கம் ஷூ உட்காரும் பின்னிலும் அதே போல ஒரு தடவல். அள்ளிப் பூசினால் சூட்டில் உருகி லைனிங்கில் வழியும். கிரீஸ் குடித்த லைனிங்கை எந்தப் பெட்ரோலாலும் மீட்க முடியாது. தூக்கிப் போட வேண்டியதுதான். லைனிங் பளபளவென்று கண்ணாடி போல் இருந்தால் உப்புத்தாளால் குறுக்காக இலேசாகச் சொரசொரப்பாக்கலாம்.

மாட்டும்போது பெரும்பாலான மெக்கானிக்குகளே விட்டுவிடுகிற ஒன்றைச் செய்யுங்கள். ஆக்சில் நட்டைக் கையால் இறுக்கிய நிலையில் நிறுத்திவிட்டு, பெடலை அழுத்தமாக மிதித்துப் பிடித்துக்கொண்டு பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள். ஷூக்கள் டிரம்மின் நடுவில் தாமே உட்கார்ந்துகொள்ளும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் உரசி ‘சர்க் சர்க்’ என்று சத்தம் வரும். அதற்குப் பயந்து பிரேக்கைத் தளர்த்துவார்கள், பிடிப்பு குறையும். பெடலில் 20 முதல் 30 மி.மீ. வெற்று ஆட்டம் இருக்கும்படி நட்டை முறுக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். கடைசியாக பிரேக் லைட். பெடல் நிலை மாறினால் அதன் சுவிட்சையும் சரி செய்ய வேண்டும். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு உங்கள் ஷூ புதுசு என்று தெரியாது.

டார்க் ராடில் ஸ்பிளிட் பின் மாட்ட மறந்தால் நட்டு கழன்று, பிரேக் மிதித்த வேகத்தில் பின்தட்டே சுழன்று, ராடை முறித்துக்கொண்டு சக்கரத்தைப் பூட்டிவிடும். வீட்டில் வேலை செய்பவர்கள் செய்யக்கூடிய தவறுகளில் இதற்கு இணையானது இன்னும் ஒன்றே ஒன்றுதான். அது டிஸ்க்கில் வரும்.

2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்பனையான வண்டிகளில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. 125 சிசி வரைக்கும் இரண்டு பிரேக்கையும் இணைத்த சிபிஎஸ், அதற்கு மேல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் என்று அரசு கட்டாயமாக்கியது. சிபிஎஸ் உள்ள வண்டியில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். பின்பக்க நட்டை மட்டும் முறுக்கிவிட்டு முன்பக்க ஓயரைக் கவனிக்காமல் விட்டால் இந்தக் கணக்கு கெடும். ஒன்று முன்னால் இழுக்கும், இல்லாவிட்டால் இணைப்பு இருந்தும் இல்லாதது போல் ஆகும். இந்த ஓயர் அட்ஜஸ்ட்மென்ட்டை மட்டும், வண்டியின் கையேடு புரியவில்லை என்றால், கம்பெனி சர்வீஸில் விட்டுவிடலாம். அவர்கள் தினமும் செய்கிற வேலை.

டிஸ்க்குக்கு வருவோம். பேடு மாற்றுவது டிரம் வேலையை விடச் சுலபம். அதனாலேயே அதிகம் கெடுக்கப்படுவதும் அதுதான்.

தெருமுனைக் கடையில் பேடு மாற்றும் வேகத்தைப் பார்த்திருப்பீர்கள். டிஸ்க்கை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரின் இரண்டு போல்ட், பேடு பின், பழைய பேடை உருவி, ஸ்குரூ டிரைவரை நடுவில் விட்டு ஒரு நெம்பு. பேடைத் தள்ளுகிற பிஸ்டன் உள்ளே போய்விடும். புது பேடு, போல்ட், முடிந்தது. ஏழெட்டு நிமிடம். அந்த நெம்பு இருக்கிறதே, அங்கேதான் பிரேக்கின் ஆயுளில் பாதி போகிறது. பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். அப்படி வெளியே நீண்ட பகுதியைச் சுற்றி மண்ணும் பேடு தூசியும் சேர்ந்து பழுப்பு வளையமாக இறுகியிருக்கும். அதோடு சேர்த்து உள்ளே தள்ளினால் அந்த மண் ரப்பர் சீலை அறுக்கும். இந்தச் சீல் ஆயிலை அடைக்கிறதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. பிரேக் பிடிக்கும்போது இலேசாக வளைந்து, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். டிஸ்க் பிரேக்கில் வேறு ஸ்பிரிங் கிடையாது. பேடு டிஸ்க்கை விட்டு விலகுவது இந்த ரப்பர் தயவில்தான். அதில் மண் புகுந்தால் பிஸ்டன் திரும்பாது, பேடு உரசிக்கொண்டே இருக்கும், டிஸ்க் சூடேறும், பேடு ஒரு பக்கம் மட்டும் தேயும்.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பழைய பல் துலக்கும் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு. பழைய பேடை எடுத்த பிறகு லீவரை மெதுவாக அமுக்கி பிஸ்டன் இன்னும் கொஞ்சம் வெளியே வரும்படி செய்யுங்கள். முழுக்க வெளியே தள்ளிவிடக் கூடாது, சில மி.மீ. போதும். இரண்டு பிஸ்டன் கேலிப்பரில் ஒன்று வேகமாகவும் ஒன்று சோம்பேறியாகவும் வரும். வேகமானதை ஒரு மரத்துண்டால் பிடித்துக்கொண்டு சோம்பேறியை வரவையுங்கள். அது எந்தப் பிஸ்டன் என்று நினைவில் வைத்துக்கொண்டால், அடுத்த முறை தொல்லை எங்கிருந்து வரும் என்பது முன்கூட்டியே தெரியும். பிரஷ்ஷால் சுற்றிலும் தேய்த்து, பிஸ்டன் பளிச்சென்று ஆன பிறகு கட்டைவிரலால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். விரலுக்கு மசியவில்லை என்றால் சீல் உப்பியிருக்கிறது அல்லது பள்ளத்தில் துரு. அது சீல் கிட் போட வேண்டிய வேலை.

பெட்ரோல் மட்டும் வேண்டாம். ஷெட்டில் எல்லாவற்றுக்கும் பெட்ரோல் கிண்ணமும் பனியன் வேஸ்ட்டும்தான். இன்ஜின் உருப்படிகளுக்கு அது சரி. பிரேக் ஆயிலுக்காகச் செய்த ரப்பர் பெட்ரோல், டீசல், இன்ஜின் ஆயில் எது பட்டாலும் உப்பிவிடும். ‘கேலிப்பர்ல பெட்ரோல் வேணாம் அண்ணே, பிரேக் கிளீனர் வாங்கித் தர்றேன்’ என்று முன்கூட்டியே சொல்லி ஒரு டின்னைக் கையில் கொடுத்துவிடுவது மரியாதையான வழி.

பிஸ்டனை உள்ளே தள்ளுமுன் ஹேண்டில்பார் மேல் இருக்கும் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, சுற்றிலும் துணி சுற்றுங்கள். பேடு தேயும்போது டப்பாவில் ஆயில் மட்டம் தானாகக் குறையும். ‘பிரேக் ஆயில் கம்மி’ என்று யாராவது ஒரு சர்வீஸில் நிரப்பி வைத்திருந்தால், பிஸ்டன் உள்ளே போகும்போது அது பொங்கி டேங்க்கில் வழியும். டாட் 3, டாட் 4 என்ற தரத்தில் வரும் பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், துடைத்தால் போதாது. மட்டம் குறைந்தால் ஆயில் ஊற்றுவதற்கு முன் பேடைப் பார்க்க வேண்டும் என்பது சர்வீஸ் மேற்பார்வையாளர்களுக்கே அடிக்கடி மறந்துபோகிறது.

கேலிப்பர் வழுக்கி நகரும் இரண்டு பின்கள், அவற்றின் ரப்பர் உறை. கடலோர ஊர்களில் முதலில் இறுகுவது இதுதான். உருவி, துடைத்து, சிலிகான் கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண மஞ்சள் கிரீஸ் அந்த ரப்பரை உப்பவைக்கும். ஒரு பக்கப் பேடு மட்டும் காலியாகி, மறுபக்கம் புதிதாகவே இருந்தால், புது பேடு வாங்க ஓடாதீர்கள். முதலில் இந்தப் பின்னைப் பாருங்கள்.

பேடு பின்னை மாட்டி, கேலிப்பர் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். 8 மி.மீ. போல்ட் என்றால் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர்; உங்கள் வண்டியின் கையேடு சொல்வதுதான் முடிவு. பிறகு இன்ஜினைத் தொடாமல், வண்டியை நகர்த்தாமல், லீவரை அமுக்கிக்கொண்டே இருங்கள். முதல் ஐந்தாறு அமுக்கலில் லீவர் வெறுமனே கைப்பிடி வரைக்கும் போகும். பிஸ்டன்கள் வெளியே வந்து பேடைத் தொட்ட பிறகுதான் கெட்டியாகும். முன்னே சொன்ன இன்னொரு தவறு இதை மறப்பதுதான். கேட்டைத் தாண்டி இறக்கத்தில் இறங்கிய பிறகு பிரேக்கே இல்லை என்பது தெரியவரும்.

புதுப் பேடு முதல் நாளே முழுசாகப் பிடிக்காது. ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்கு, நிற்காமல், மிதமாகப் பத்துப் பன்னிரண்டு தடவை குறைத்து, இடையில் ஆறவிட்டு ஓட்டுங்கள். முதல் இருநூறு கிலோமீட்டருக்கு முன்னால் போகிற வண்டியோடு தாராளமாக இடைவெளி விடுங்கள். டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று பொறித்திருக்கும். வெர்னியர் இல்லாவிட்டாலும், விரல் நகத்தால் ஓரத்தில் வருடினால் விளிம்பு தட்டுப்பட்டால், கடையில் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். பேடில் உலோகத்தூள் கலந்த சின்டர்டு வகையை, அதற்கென்று செய்யாத டிஸ்க்கில் போட்டால் டிஸ்க் சீக்கிரம் தேயும். கம்பெனி கொடுத்த வகையையே தொடர்வது புத்திசாலித்தனம்.

இதுவரை வீட்டில் செய்யலாம். பிரேக் ஆயிலை மாற்றி ஏர் எடுப்பது, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது, நடுத்தரம். வேலை கடினம் இல்லை, பொறுமை வேண்டும். இந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். சென்னை போன்ற ஊரில் கேட்கவே வேண்டாம். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அது 155 டிகிரிக்கு இறங்கலாம். டாட் 3-க்கு அதே எண்கள் 205, 140. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கையே பிடித்துக்கொண்டு இறங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் கையில் தெரியும்: ஆயில் கொதித்து ஆவியானால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கிக் கைப்பிடியைத் தொடும். நியூட்ரலில் இறங்காமல் இரண்டாவது கியரில் இறங்குவது முதல் மருந்து. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது இரண்டாவது. டப்பாவின் கண்ணாடித் துளையில் பாருங்கள்: தேன் நிறம் சரி. டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் தள்ளிப்போட வேண்டாம்.

கடையில் இந்த வேலையைக் கொடுக்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: சீல் பிரிக்காத பாட்டில். பெஞ்சுக்கு அடியில் மூடியில்லாமல் மாதக்கணக்கில் இருக்கும் டின்னிலிருந்து ஊற்றினால் பழைய ஆயிலை எடுத்துவிட்டு இன்னொரு பழைய ஆயிலை ஊற்றியதாகத்தான் கணக்கு. ஒரு முன் டிஸ்க்குக்குக் கால் லிட்டர் பாட்டில் தாராளம். மூடியிலேயே எந்த டாட் என்று எழுதியிருக்கும். டாட் 5 என்பது சிலிகான் வகை. எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை வாங்கிக் கலந்துவிடக் கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4-ன் உறவு.

முறை இது. கேலிப்பரில் ஆயிலும் காற்றும் வெளியேறும் சின்னத் திருகான நிப்பிளில் 8 மி.மீ. ரிங் ஸ்பேனரைப் போட்டு, அதன் மேல் மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கவிடுங்கள். லீவரை அமுக்கிப் பிடி, நிப்பிளைக் கால் சுற்று திற, லீவர் முழுக்க இறங்கியதும் நிப்பிளை மூடு, பிறகு லீவரை விடு. மூடுவதற்கு முன் லீவரை விட்டால் காற்றை உள்ளே இழுக்கும். எவ்வளவு ஏர் எடுத்தும் தீரவில்லை என்று புலம்புகிற பலரிடம் நடப்பது இதுவே. ஐந்தாறு அமுக்கலுக்கு ஒருமுறை டப்பாவில் நிரப்புங்கள். காலியாகவிட்டால் ஆரம்பத்திலிருந்து. நிப்பிளை 5, 6 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கினால் முறிந்து உள்ளேயே நிற்கும், பிறகு லேத்துப் பட்டறைதான் கதி. எல்லாம் முடிந்தும் லீவர் கொஞ்சம் பஞ்சாக இருந்தால், ஹேண்டிலை டப்பா உயரமாக இருக்கும் பக்கம் திருப்பி, லீவரை அமுக்கிய நிலையில் ரப்பர் பேண்டால் கட்டி இரவு முழுக்க விடுங்கள். குட்டிக் குட்டிக் குமிழிகள் மேலேறிக் காலையில் கெட்டியாகிவிடும். இதற்குக் கூலி வாங்கும் கடை எதுவும் இல்லை, ஏனென்றால் யாருக்கும் ஒரு ராத்திரி கிடையாது.

ஏபிஎஸ் வண்டியில் டப்பா காலியாகாத வரைக்கும் இதே முறை போதும். ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் கம்ப்யூட்டரை மாட்டி அதன் வால்வுகளை இயக்கித்தான் எடுக்க வேண்டிவரலாம். அந்தக் கருவி கம்பெனி சர்வீஸில் இருக்கும். லீவரின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் கிட், ஹோஸ் மாற்றுவது, ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிவது ஆகிய மூன்றையும் அங்கேயே கொடுக்கலாம். காசு கொடுத்தாலும் பரவாயில்லை. ஹோஸ் கழற்றினால் அதன் போல்ட்டில் இருக்கும் செம்பு வாஷர் இரண்டும் புதிதாகப் போட்டார்களா என்பது மட்டும் கேள்வி. பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கியது, திரும்ப அடைக்காது.

கம்பெனி சர்வீஸின் குறை அதன் ஆட்களில் இல்லை, அதன் கடிகாரத்தில் இருக்கிறது. ஒரு டெக்னீஷியனுக்கு ஒரு நாளில் இத்தனை வண்டி என்று கணக்கு. ஜாப் கார்டில் ‘பிரேக் கிளீனிங்’ என்று எழுதினால் பல இடங்களில் அதற்குப் பொருள், வீலைக் கழற்றாமல் வெளியிலிருந்து ஸ்பிரே அடித்துத் துடைப்பது. ‘ரியர் வீல் கழற்றி, கேம் உருவி கிரீஸ் வைக்கவும், பழைய பொருளைத் திருப்பித் தரவும்’ என்று விரிவாக எழுதச் சொல்லிப் பாருங்கள். எழுதியது நடக்கும். எழுதாதது நடக்காது.

தெருமுனை மெக்கானிக்கின் பலம் உங்கள் கண் முன்னே கழற்றுவது. ஸ்டூல் போட்டு உட்காரலாம், டீ சொல்லலாம், கேட்கலாம். கேமை உருவிக் காட்டச் சொன்னால் காட்டுவார். துடைக்கிற வேலைக்குத் தனியாகக் கூலி பேசிவிடுங்கள்; ‘ஷூ மாத்த வேணாம், கழட்டித் துடைச்சு கிரீஸ் வைக்கணும், ஷூ மாத்துற கூலியே தர்றேன்’ என்று சொன்னால் ஆச்சரியமாகப் பார்ப்பார், பிறகு நன்றாகவே செய்வார். டிரம் பிரேக்குக்கு இவரை விடச் சிறந்த ஆள் கிடையாது. ஏபிஎஸ் என்றால் இவர் வேண்டாம். சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்தையும் அருகிலுள்ள சென்சாரையும் தெரியாமல் ஒரு தட்டுத் தட்டினால் செலவு எங்கேயோ போய் நிற்கும்.

வீட்டுக்கு வந்து செய்கிற சர்வீஸ் இன்ஜின் ஆயில் மாற்ற வசதி. பிரேக்குக்கு, பேடு மாற்றுவதற்கு மேல் எதையும் கேட்காதீர்கள். வருகிறவரின் பையில் இருக்கும் பொருள்தான் உங்கள் வண்டிக்கு ஏறும்.

பொருள் வாங்குவதைப் பொறுத்தவரை, சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதும் புதுப்பேட்டையில் பழையதும் கிடைக்கும். பிரேக் உருப்படியைப் புதுப்பேட்டையில் வாங்கக் கூடாது, கேலிப்பர் தாங்கி மாதிரி வெறும் இரும்பு தவிர. புதுப் பேடில் பின்தகட்டில் தயாரிப்பாளர் பெயரும் பேட்ச் எண்ணும் அழுத்திப் பொறித்திருக்கும். வெறும் மையில் அச்சடித்திருந்தால் சந்தேகப்படலாம். லைனிங் தகட்டோடு ஒட்டிய ஓரத்தில் நகம் நுழைகிற இடைவெளி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கம்பெனிப் பொருள் விலையாகத் தோன்றினால், பிரேக் லைனிங் செய்கிற ரானே போன்ற சென்னை நிறுவனங்களின் பெயரில், உங்கள் வண்டிக்கு என்று குறிப்பிட்டு வருவதைப் பில்லோடு வாங்கலாம்.

எந்தக் கடையிலிருந்து வண்டியை எடுத்தாலும் சாவியைப் போடுவதற்கு முன் லீவரை நான்கு முறை அமுக்குங்கள். முதல் அமுக்கலும் நான்காவதும் ஒரே இடத்தில் நின்றால் காற்று இல்லை. அமுக்கிப் பிடித்தபடி முப்பது எண்ணுங்கள். மெல்ல இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரில் கசிவு. இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றுங்கள், இரண்டு பிரேக்குக்கும் பின் விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மெதுவாக இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, டிஸ்க்கைத் தொடாமல் அதன் அருகே உள்ளங்கையைக் காட்டுங்கள். பிரேக்கே அதிகம் பிடிக்காமல் வந்தும் அனல் அடித்தால் அப்படியே திரும்பிப் போங்கள், கடை மூடுவதற்குள். மறுநாள் காலை நிப்பிளையும் ஹோஸ் போல்ட்டையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பார்த்து, பேப்பர் நனையவில்லை என்றால் பில்லைப் பத்திரப்படுத்தலாம்.